பயணம் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தவள்

ஜனவரி 11, ஞாயிறு

"ஹஜ்ஜுக்குக் கிளம்புறதுல இருந்து திரும்பி வார வரைக்கும் எழுதணும் உம்மா, விட்டுரக்கூடாது" என்று சொல்லி ஜன்னத் இந்த டைரியைக் கொரியரில் அனுப்பியிருக்கிறாள். திருநெல்வேலியிலிருந்து கடையநல்லூருக்கு பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். இதற்கு எதற்குக் கொரியர்? நேரில் கொண்டுவந்து தந்தால் உம்மா கடித்தா தின்றுவிடுவேன்?

என் உத்தியோகம் முழுக்க அங்கன்வாடியில். எத்தனை பிள்ளை முட்டை தின்றது, எந்தப் பிள்ளை எடை குறைந்தது என்று எழுதி எழுதிக் கை மரத்துப்போனவள் நான். ரிட்டயர் ஆனபிறகு பேனாவைத் தொடவே இல்லை. ஆனாலும் புது டைரியின் வாசம் நன்றாக இருக்கிறது.

என் பெயர் சபூரா பீவி. சபூர் என்றால் பொறுமைசாலி. "பேருல மட்டும்தான்" என்பார் ஜன்னத் வாப்பா, அதாவது என் வீட்டுக்காரர் மைதீன் பிச்சை. அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். எதற்கும் பதறமாட்டார். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு இன்னும் ஏன் பொங்கவில்லை என்று பாலிடமே கேட்கிற ஆள்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷ ஹஜ்ஜுக்குத் தென்காசியில் ஒரு ஹஜ் சர்வீஸில் எங்கள் இருவர் பெயரையும் கொடுத்திருந்தோம். இடம் நிரம்பிவிட்டது, காத்திருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். இன்று அதை நடத்துகிற ஆலிம்சா போன் போட்டு, "ரெண்டு மூணு பேரு வரமுடியாது போலன்னு சொல்லுதாங்க. உங்களுக்கு முன்னால ஒரே ஒரு குடும்பம்தான் இருக்கு. இன்ஷா அல்லாஹ் வந்துரும்மா" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"கையில வந்து சேருத வரைக்கும் யார்ட்டயும் மூச்சு விடாத" என்றார் இவர். சரி என்றிருக்கிறேன்.

எனக்கு மக்காவில் ஒரே ஒரு வேலைதான். கஅபாவை முதன்முதலாகப் பார்க்கிற பார்வையில் கேட்கும் துஆ தட்டிப்போகாது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஜன்னத்துக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. இரண்டு தரம் உண்டாகி, ஒன்று மூன்றாம் மாதத்திலும் ஒன்று ஐந்தாம் மாதத்திலும் போய்விட்டது. இரண்டு தரமும் நாங்கள் தெருவெல்லாம் சொல்லி மிட்டாய் கொடுத்திருந்தோம். அந்த முதல் பார்வையில் என் பிள்ளைக்கு ஒரு பிள்ளையைக் கேட்க வேண்டும். அதற்குத்தான் போகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

ஜனவரி 14, புதன்

வாய் நிற்கவில்லை.

பேட்டையில் ஒரு கல்யாண வீடு. சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு மாமி தான் ஹஜ்ஜுக்குப் போன கதையை ஆரம்பித்தார். கதையில் அவர் விமானத்தில் ஏறி பெல்ட் மாட்டவே அரை மணி நேரம் ஆனது. பொறுக்கமாட்டாமல் "நாங்களும் இந்த வருஷம் போறோம்லா" என்றுவிட்டேன். 'பெயர் வந்தால்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அந்த மாமி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் வீட்டுக்கு வரும்முன்னே செய்தி வந்துவிட்டது. வாசலில் ஏழெட்டுச் செருப்பு. உள்ளே ஜன்னத் வாப்பா எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரி 18, ஞாயிறு

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி, தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்புக்கெல்லாம் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்டுவிட்டுக் கிளம்புவது வழக்கம். அடுத்தவர் மனத்தாங்கலைச் சுமந்துகொண்டு போய் அல்லாஹ்வின் வீட்டு வாசலில் நிற்கக் கூடாது. மற்றவர்கள் இதைக் கிளம்புகிற வாரத்தில் செய்வார்கள். ஊரே வீடு தேடி வந்து வாழ்த்தும்போது நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? இன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன்.

மீன்காரி செல்லக்கனியிடம் முதலில் கேட்டேன். "பேரம் பேசுறதுல நான் ஒன்ன ஏதாச்சும் சொல்லியிருந்தா பொருந்திக்கோம்மா."

"ஒவ்வொண்ணா நெனச்சுப் பாக்கணும்னா இன்னைக்கு மீனு நாறிப்போவும்மா. மொத்தமா விட்டேன், போங்க" என்றாள்.

அடுத்தது பக்கத்து வீட்டு பல்கீஸ். என் வயதில் பாதி, என் வாயில் இரண்டு பங்கு. எங்கள் சண்டையைக் கேட்டுத்தான் தெருவில் பலர் விழிப்பார்கள். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "சும்மா பொருந்திக்கோன்னா எப்படி மாமி? எதெதுக்குன்னு சொல்லிக் கேளுங்க. நாலஞ்சு கெடக்கு" என்றாள்.

"எல்லாத்துக்கும்தான்ளா" என்றேன். அப்புறம் என்ன நினைத்தாளோ, கட்டிப்பிடித்து அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. அந்நேரம் பார்த்து அவளுடைய பாழாய்ப்போன ஆடு சுவரைத் தாண்டி என் கறிவேப்பிலைச் செடியில் வாய் வைத்தது. பொருத்தம் கேட்ட வாயில் ஈரம் காயவில்லை, எப்படித் திட்டுவது? "மாஷா அல்லாஹ், நல்லா திங்குது" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஹஜ் முடிந்து வரும்வரை என் நிலைமை இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

எங்கள் தெருவிலேயே, இவருடைய அண்ணன் வீட்டில் எங்களுக்குப் பயண விருந்து. ஜன்னத்தும் மருமகன் அசனும் வந்திருந்தார்கள். எப்போதும் பைக்கில் பறக்கிறவர், இன்றைக்குக் கார் பிடித்து வந்திருக்கிறார். பள்ளம் மேட்டில் மெதுவாகப் போகச் சொல்லி டிரைவரோடு தகராறு வேறாம்.

ஜன்னத் வந்ததிலிருந்து போகிறவரை பர்தாவைக் கழற்றவில்லை. "குளிருது உம்மா" என்றாள். ஃபேன் காற்றுக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தாள். கறியைத் தொடாமல் எலுமிச்சை ஊறுகாயை மட்டும் விரலால் வழித்து வழித்துத் தின்றாள். எழுந்திருக்கும்போது தரையில் கையை ஊன்றினாள். நான் தாம்பாளத்தை நீட்டினால் மருமகன் ஓடிவந்து வாங்குகிறார். கிளம்பும்போது கட்டிப்பிடித்தேன். ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு கட்டிக்கொண்டாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. இங்கே எழுதப் போவதும் இல்லை. விரல் விட்டு ஒரு கணக்குப் பார்த்தேன். அது என் விரலுக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

பிப்ரவரி 2, திங்கள்

ஆலிம்சாவிடமிருந்து போன் இல்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

நானே போன் போட்டேன். "அந்த ஒரு குடும்பம் இன்னும் எடத்துக்குக் காத்துக்கிட்டுத்தான் இருக்காங்கம்மா. யாரும் விலகல. நாம துஆ செய்வோம்" என்றார்.

துஆ செய்வோமாம். ஊர் பூராவும் பயணம் சொல்லியாயிற்று. எத்தனை வீட்டு விருந்தைத் தின்றோம் என்று நினைத்தால் நெஞ்சைக் கரிக்கிறது. ஹஜ்ஜில் உடுத்தும் இஹ்ராம் துணி, தஸ்பீஹ் மணி, தோலுறை போட்ட குர்ஆன் என்று கொடுத்தார்கள். வெயில் தாங்க ஒருத்தர் குடை கொடுத்தார். தெருப் பிள்ளைகள் இப்போதே "ஹஜ்ஜிமா, ஹஜ்ஜிமா" என்று கூப்பிடுகின்றன. செல்லக்கனி சத்தம் கேட்டால் நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன். "என்னம்மா, இன்னும் போகலியா?" என்று அவள் கேட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"முந்தி வாரதெல்லாம் நம்ம வண்டி இல்லளா" என்றார் ஜன்னத் வாப்பா.

"ஒங்களுக்கென்ன! டெப்போல உக்காந்து டீ குடிச்சவிய. ஸ்டாப்ல நிக்கவளுக்குல்லா தெரியும்" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு ஆகாது.

தொழுதுவிட்டு அல்லாஹ்விடம் கொஞ்சம் சண்டை போட்டேன். ஊரில் யாரோடும் போட முடியாத சண்டை, பின்னே யாரிடம் போடுவது? அவனிடம் நான் பொருத்தம் கேட்டுக்கொள்ளலாம்.

பிப்ரவரி 19, வியாழன்

முதல் நோன்பு. பள்ளிவாசல் கஞ்சி வாங்கப் போன இடத்தில், "எப்பம்மா பயணம்?" என்று கேட்டார்கள். "அவன் கூப்புடும்போது" என்றேன். சொல்லும்போது வாய் மட்டும்தான் சொன்னது. நெஞ்சில் இன்னும் இறங்கவில்லை.

பல்கீஸின் ஆடு என் புதினாவை வேரோடு தின்றுவிட்டது. நோன்பும் சேர்ந்துகொண்டது, என் வாய்க்கு இரட்டைப் பூட்டு.

மார்ச் 6, வெள்ளி

ஜன்னத் வீடியோவில் பேசினாள். முகத்தை மட்டும் காட்டுகிறாள். போனைக் கொஞ்சம் கீழே இறக்கினால் கை நடுங்குகிறது என்கிறாள். முகம் தெளிவாக, கன்னம் ததும்ப இருக்கிறது. "நோன்பு வைக்கியா?" என்றேன். "அல்சர் உம்மா, டாக்டர் வேண்டான்னுட்டாரு" என்றாள். அல்சர் வந்தவளுக்குக் கன்னம் ததும்புமா? சரி, பத்திரம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

இன்றைக்குச் செய்த வேலை: இவருடைய பழைய வெள்ளை வேட்டிகளைத் துவைத்து, வெந்நீரில் போட்டு எடுத்து, முழம் முழமாகக் கிழித்து மடித்து வைத்தேன். அடுப்படி துடைக்க ஆகும். சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் வறுத்து இடித்துக் கருப்பட்டி சேர்த்துக் கிளறி ஜாடியில் போட்டேன். பயணத்தில் இருமல் வந்தால் ஆகும். வசம்பும் வாங்கினேன். வசம்பு எதற்காவது ஆகும்.

ஜன்னத் வாப்பா ஸ்டூலைப் போட்டு ஏறி, உள்ளறை உத்தரத்துக் கொக்கியில் இருந்த துருவைச் சுரண்டி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். "என்ன செய்யுதிய?" என்று கேட்டேன். "ஃபேனைத் தொடைக்கேன்" என்றார். ஃபேன் முன்னறையில் இருக்கிறது. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மார்ச் 21, சனி

நோன்புப் பெருநாள். ஜன்னத் வரவில்லை. "கடையில ஆள் இல்ல மாமி" என்று மருமகன் போனில் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், வார்த்தைக்கு வார்த்தை தொண்டையைச் செருமினார். கல்யாணமாகி எந்தப் பெருநாளும் அவள் வராமல் இருந்ததில்லை. சேமியாப் பாயசத்தைக் கிளறி, தின்ன ஆளில்லாமல் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன்.

பல்கீஸ் கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது, "ஜன்னத் நல்லா இருக்காளா மாமி?" என்றாள். "நல்லா இருக்கா" என்றேன். "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வழக்கமான இழுவை எதுவும் இல்லாமல் போய்விட்டாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

மார்ச் 25, புதன்

சோறு கொதித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆலிம்சாதான்.

"அம்மா, அந்தக் குடும்பத்துக்கும் கெடச்சிருச்சு, ஒங்க ரெண்டு பேருக்கும் எடம் வந்துருச்சு! மே மொத வாரத்துல பயணம், ஜூன் நடுவுல திரும்பிரலாம். நாளைக்குள்ள சரின்னு சொல்லிருங்க, வேலய ஆரம்பிச்சிருவோம்."

அல்ஹம்துலில்லாஹ் என்று கத்தினேன். இவர் அந்த இடத்திலேயே நெற்றி தரையில் பட சஜ்தாவில் விழுந்தார். சோறு பொங்கி அடுப்பு அணைந்துபோனது. யார் கவனித்தது?

பிறகு இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்தோம். என் விரல்கள் தானாக மடங்கின. அதைப் பார்த்துக்கொண்டே அவர், "மே கடைசிதான?" என்றார்.

"என்ன மே கடைசி?"

"ஒண்ணுமில்ல."

"என்னன்னு சொல்லுங்க!"

"அதான். நீ விரல மடக்கி மடக்கிப் பாக்கேல்லா, அது." உள்ளறை உத்தரத்துத் தொட்டில் கொக்கியை அண்ணாந்து பார்த்தார். "ஃபேன் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதாளா?"

ஜனவரியிலிருந்து ஒரே பாயில் படுத்து, ஒரே சஹன் தட்டில் சாப்பிட்டு, ஆளுக்கொரு பக்கம் இதை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறோம். வாய்விட்டுச் சொன்னால் கண்ணுபட்டுவிடும் என்று அவருக்கும் பயம். சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இருக்கேன்" என்றேன்.

"ஒன்ன விட்டுட்டு ஒரு கல்யாண வீட்டுக்குக்கூட நான் போனதில்ல. அங்கன போயி நான் மட்டும் என்னத்தச் செய்ய? நீ சொல்லுததுதான். எதுன்னாலும் எனக்குச் சம்மதம்."

எனக்குப் போக ஆசையாக இருக்கிறது. டைரியில் பொய் எழுதக் கூடாது. ரொம்ப ஆசையாக இருக்கிறது. இன்னொரு வருஷம் இவருடைய முட்டி ஒத்துழைக்குமோ, நான் இருப்பேனோ, யாருக்குத் தெரியும்? போனால் அந்த முதல் பார்வையில் பிள்ளை நல்லபடியாக வரக் கேட்கலாம். போனால் வலி எடுக்கும் நேரத்தில் ஜன்னத் 'உம்மா' என்று கத்துவாள், நான் கடல் தாண்டி இருப்பேன். போன இரண்டு தரமும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

யா அல்லாஹ், உன்னிடம் கேட்கிறேன். நான் ஓடியாடிப் பறந்தபோதெல்லாம் கதவை மூடி வைத்தாய். இப்போது திறக்கிறாயே, இது என்ன நேரம்?

மார்ச் 26, வியாழன்

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆலிம்சா ஏன் என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். "அடுத்த வருஷம் ஒங்க பேருதாம்மா மொதல்ல" என்றார். எங்களுக்குப் பின்னால் காத்திருந்தது புளியங்குடியில் வயதான ஒரு ஜோடியாம். நாலு வருஷமாகப் பணம் சேர்த்து இப்போதுதான் பெயர் கொடுத்தார்களாம்.

போனை வைத்த கையோடு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். திருநெல்வேலியில் இறங்கி, சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டினோம். ஜன்னத்தான் திறந்தாள். பர்தா இல்லாமல், நைட்டியில், ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி. அவள் முன்னே அவள் வயிறு நின்றது.

"உம்மா! ஒரு போன் போட்டுட்டு வந்தா என்ன?"

"போட்டா நீ பர்தாவ மாட்டிருப்ப."

அவள் முகம் கோணிப்போனது. கதவிலேயே சாய்ந்து அழ ஆரம்பித்தாள். "தெரிஞ்சா நீங்க போகமாட்டிய உம்மா. அதான் மறச்சேன். நீங்க ஏறிப் போற வரைக்கும் மறச்சா போதும்னு நெனச்சேன்."

"நாங்க போகல. எடம் வந்துச்சு, வேண்டாம்னு சொல்லிட்டோம்."

அழுகை சட்டென்று கோபமாக மாறியது. என் மகளாயிற்றே. "யாரக் கேட்டு அப்படிச் சொன்னிய? இத்தன வருஷமா எனக்காக அங்க போயிக் கேக்கணும்னு சொல்லிக்கிட்டு இருந்தவிய, எனக்காகவே நின்னுட்டியளா? ஊரு என்ன சொல்லும்? நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு…"

"வாய மூடுளா" என்றேன். "கேக்கப் போனது கெடச்சிருக்கு. கெடச்சத இங்கன போட்டுட்டு அத அங்க போயிக் கேக்கதுக்கு எனக்கென்ன கிறுக்கா?"

என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது. இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மருமகன் கடையிலிருந்து வந்து வாசலில் எங்கள் செருப்பைப் பார்த்துவிட்டு உள்ளே வரப் பயந்து நின்றார். "வாங்க மருமகனே, கடையில ஆள் கெடச்சிருச்சா?" என்று கேட்டேன். பாவம், செருமவும் முடியவில்லை.

இனி எழுதலாம். என் மகள் முழுகாமல் இருக்கிறாள். எட்டாம் மாதம். மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்.

மார்ச் 29, ஞாயிறு

ஜன்னத்தை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். காரை விட்டு இறங்கும்போதே தெரு கூடிவிட்டது. ஹஜ்ஜுக்குப் போகவில்லை என்று சொல்ல நான் மனதில் பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அவள் வயிற்றைப் பார்த்தபிறகு யாரும் ஹஜ்ஜைப் பற்றிக் கேட்கவில்லை. செல்லக்கனி மட்டும், "அங்க போகாமலே கொண்டாந்துட்டியளாம்மா!" என்று சொல்லிவிட்டுக் கொழுத்த சாளையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

பல்கீஸ் சுவரோரம் நின்றிருந்தாள். "எனக்கு ஜனவரிலயே தெரியும் மாமி. விருந்துக்குக் கார்ல வந்து எறங்கும்போதே நடய வச்சுப் பாத்துட்டேன்."

என் காதையே நம்ப முடியவில்லை. "நீ யார்ட்டயும் சொல்லலியா?"

"எங்க வீட்டு ஆம்பளைட்டகூடச் சொல்லல. முந்தி ரெண்டு தரம் பட்டது போதாதா? நீங்களே வாயத் தொறக்காம இருக்கும்போது நான் தொறப்பனா?"

தெருவில் உலை கொதிக்கும்முன் ஊர்ச் செய்தி சொல்கிறவள், இத்தனை மாதம் எனக்காக வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் அவளைப் பற்றி நினைத்ததெல்லாம் என்ன! இந்த முறை நானாகப் போய்க் கட்டிக்கொண்டேன். ஆட்டைக் கட்டிப் போடச் சொன்னேன். அதையும் அன்பாகத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

எங்கள் இடத்தில் போகிற புளியங்குடி அம்மா ஆலிம்சாவிடம் விலாசம் கேட்டு வாங்கி, வீடு தேடி வந்துவிட்டார். பெயர் ரவ்சான் பீவி. எனக்குப் பத்து வயது மூப்பு. குள்ளமாக, முதுகு கூனி, கையில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு வந்தார். அக்காவைக் கூப்பிடுகிற எங்கள் ஊர் வழக்கப்படி லாத்தா என்றே கூப்பிட்டேன்.

"ஒன் எடத்துல போறேம்மா. மனசுல எதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிரு. பொருந்திக்கோ" என்றார்.

"எல்லாம் அவன் போட்ட எடம் லாத்தா. நல்லபடியா போயிட்டு வாங்க."

ஜன்னத்தின் தலையைத் தடவிக்கொண்டே, "மொதப் பார்வையில ஒன் மகளுக்குக் கேக்கேன். எனக்குக் கேக்க முன்னால ஒனக்குத்தான். சத்தியம்" என்றார். எனக்கு அவர் காலைத் தொட்டுவிடலாம் போல இருந்தது.

பொறாமை வரவில்லை என்று எழுதினால் பொய். அவர் போனபிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து எலுமிச்சம்பழத்தை ஊறுகாய் போட்டேன். ஜன்னத் உப்பு ஊறக்கூட விடவில்லை.

மே 8, வெள்ளி

ரவ்சான் லாத்தாவுக்கு இன்றைக்கு விமானம். நான் துணி காயப்போட மாடிக்குப் போனவள், வேலை முடிந்தும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். மேகம்தான் இருந்தது. டாக்டர் இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்கிறார்.

மே 11, திங்கள்

டாக்டர் சொன்னது நடக்கவில்லை. விடியற்காலை பாங்கு சொல்லும் நேரத்தில் ஜன்னத்துக்குப் பனிக்குடம் உடைந்தது. மருமகன் திருநெல்வேலியில், கார்க்காரர் போனை எடுக்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பல்கீஸ் சுவரேறிக் குதித்து வந்து, அவள் வீட்டுக்காரரைத் தட்டி எழுப்பி ஆட்டோவைக் கிளப்பினாள். ஆஸ்பத்திரியில் ஜன்னத் "உம்மா" என்று கத்தியபோது நான் அவள் தலைமாட்டில் இருந்தேன். நர்ஸ் என்னை வெளியே தள்ளப் பார்த்தாள். பொருத்தம், பொறுமை எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, என் பழைய வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொன்னேன். பேசாமல் விட்டுவிட்டாள்.

பெண் பிள்ளை. நல்ல எடை. எடை பார்ப்பதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது, கையில் வாங்கிய உடனே தெரிந்துவிட்டது. ஜன்னத் வாப்பா பிள்ளையின் காதில் பாங்கு சொன்னார். நடுவில் நின்று, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

சந்தோஷம். எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

மே 14, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். பிள்ளை உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தது. மத்தியானம் வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தது. ரவ்சான் லாத்தா. நான் சலாம் சொன்னதுதான் தாமதம், அந்தப் பக்கம் ஓவென்று அழுகை.

"என்ன லாத்தா? ஒடம்புக்கு முடியலியா?"

"சபூரா, என்னயப் பொருந்திக்கம்மா. நான் ஒனக்குக் கேக்கல."

"எதக் கேக்கல?"

"உள்ள போனேன். தலய நிமிந்து பாத்தேன். அம்புட்டுதான். எல்லாம் மறந்துபோச்சு. ஒன் மகளும் நெனப்புல இல்ல, என் புள்ளைகளும் நெனப்புல இல்ல. வாயத் தொறந்துக்கிட்டு அப்படியே நின்னு அழுதேன். ஒரு வார்த்த வரல. எல்லாரும் தள்ளிக்கிட்டே போயிட்டாங்க. மொதப் பார்வை போயிருச்சேம்மா! சத்தியம் பண்ணிட்டு வந்தனே! அஞ்சு நாளா ஒனக்குப் போன் போட மொகம் இல்லாமக் கெடக்கேன்."

எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. சிரித்தால் அந்த அம்மா என்ன நினைப்பார் என்று அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். நல்ல தூக்கத்தில் இருந்த பிள்ளையின் பாதத்தை லேசாகக் கிள்ளினேன். வீடே அதிரும்படி வீறிட்டது. அதன் வாய்க்குப் பக்கத்தில் போனைப் பிடித்தேன்.

"கேக்குதா லாத்தா?"

அந்தப் பக்கம் அழுகை நின்றது. கூட்டத்தின் இரைச்சல் மட்டும் வந்தது.

"யாரும்மா அது? பொறந்துருச்சா?"

"திங்கக்கிழம. பொம்பளப் புள்ள. ஆத்தாளும் புள்ளயும் சொகம்."

"நான் கேக்கவே இல்லையே?"

"நீங்களும் கேக்கல, நானும் வரல. அவன் குடுத்துட்டான்."

ரவ்சான் லாத்தா சிரிக்க ஆரம்பித்தார். பல்லில்லாத வாயால் சிரிக்கிற அந்தச் சிரிப்பு எத்தனையோ கடலும் மணலும் தாண்டி வந்து என் காதில் விழுந்தது. நானும் சிரித்தேன். பிள்ளை நிறுத்தாமல் அழுதது. ஜன்னத் விழித்தெழுந்து, "தூங்குன புள்ளய ஏன் உம்மா எழுப்புனிய?" என்று என்னைத் திட்டிக்கொண்டே அதை வாங்கிக்கொண்டாள்.

திட்டட்டும். இன்னும் நல்லாத் திட்டட்டும்.